குதிரை இல்லாத ராவுத்தர்

காலையிலிருந்து ஒரே காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிங்கப்பூர் டிவிக்குப் புதிதாக வந்த ஆங்கிலத் தொடர். கவசம் போட்ட ஒருவன், அரசனிடம் 'நைட்' பட்டம் பெற்ற குதிரைப் போர்வீரன், குதிரை செத்துப்போய், சேற்றில் நடந்தே கோட்டை வாசலுக்கு வருகிறான். காவல்காரன் அவனைப் பார்த்ததும் உள்ளே திரும்பிக் கத்துகிறான், 'நைட் வந்திருக்கிறார்' என்று. அதற்குத் திரையின் அடியில் ஓடும் தமிழ் வரியை நான் எழுத வேண்டும். பக்கத்து நாற்காலியில் நீ இருந்தால் இந்நேரம் சண்டை தொடங்கியிருக்கும்.

இந்தச் சொல்லை வைத்து நாம் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமா? முதல்முறை நான் பேசாமல் 'நைட்' என்றே எழுதிவிட்டேன். "நைட் வந்துட்டாருன்னு போட்டா, ராத்திரி வந்துட்டாருன்னுல்ல படிப்பாங்க புலவரே? டிவிய ஆஃப் பண்ணிட்டுப் படுத்துடுவாங்க லா" என்றாய். சரியென்று 'குதிரை வீரரே' என்று மாற்றினேன். அடுத்த காட்சியில் அவன் குதிரையைக் கரையில் விட்டுவிட்டு ஆற்றைக் கடந்தான். 'குதிரை வீரரே, படகில் ஏறுங்கள்' என்ற வரியைப் பார்த்து மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாய். புரவி வீரன் என்றேன், மேடைப்பேச்சு மாதிரி இருக்கிறது என்றாய். சேவகன் என்றேன். அந்தக் காலத்தில் போர்வீரனுக்கும் அந்தப் பேர் இருந்தது. "இப்ப போட்டா அவனத் தேத்தண்ணி வாங்கிட்டு வரச் சொல்லிடுவாங்க" என்று அதையும் தள்ளினாய்.

அப்போதுதான் விளையாட்டாக 'ராவுத்தர்' என்றேன். குதிரையேறிப் போரிட்டவர்களுக்கு வழங்கிய பெயர். உன் பெயரின் பின்னாலும் அதுதான் இருந்தது.

"எங்க பரம்பரைச் சொத்தத் தூக்கி வெள்ளக்காரனுக்குக் குடுக்குறியா? என் மச்சான் போன் போட்டு, அது எந்த ஊர் ராவுத்தர்னு கேப்பான்" என்றாய். சிரித்து ஓய்ந்த பிறகு கொஞ்சம் யோசித்தாய். "ஆனா அர்த்தம் சரியாத்தான் இருக்கு. எங்க அத்தா பஸ்ல போய் பஸ்ல வந்தாரு. குதிரைய அவரு கிட்டத்துல பாத்திருப்பாரான்னே தெரியாது. அப்பவும் ராவுத்தர்தான். அந்த நைட்டும் அப்படித்தான, குதிரை போனாலும் அவன் அவன்தான்." கடைசியில் 'வீரர்' என்று பொதுவாகப் போட்டு ஒப்பேற்றினோம்.

அதன்பிறகு சர்க்கரை நோய் உன் இடது காலை எடுத்துக்கொண்டது. பொங்கோல் பேட்டை வீட்டில் சன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்தவன், அப்படியே உட்கார்ந்துவிட்டாய். நடக்க முடியாதவர்கள் உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி ஸ்கூட்டர் ஒன்று, இருக்கையின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் வாசலில் நின்றது. "தேக்கா சந்தையில நான் நடந்துதான் பழக்கம். உக்காந்துக்கிட்டு வர்றதப் பாத்தா அவனவன் ஐயோ பாவம்பான். அதுக்கு வீட்லயே கெடக்கலாம்" என்றாய். உன் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டு, "அண்ணே, இப்படியே மொடங்கிட்டாருன்னா அப்புறம் ஆளு தேறவே மாட்டாரு. நீங்க சொன்னாக் கேப்பாரு" என்றார்.

என்ன சொல்வது? ஆறுதல் சொன்னால் உனக்கு ஆகாது. உன்னை அப்படிப் பார்க்கப் பார்க்க எனக்கு வந்த கோபத்தில் கத்திவிட்டேன். "எத்தனையோ தலைமுறைக்கு அப்புறம் உங்க வம்சத்துல ஒருத்தனுக்குத்தான் ஏறி உக்கார ஒண்ணு கெடச்சிருக்கு. அதயும் வாசல்ல கட்டிப் போட்டுட்டியே ராவுத்தரே!"

நீ என்னையே முறைத்துப் பார்த்தாய். எல்லை மீறிவிட்டேனோ என்று நான் பயந்தேன். பிறகு மெதுவாக உன் மனைவி பக்கம் திரும்பி, "அதுக்குப் புல்லு போட்டியா?" என்று கேட்டாய். அவர் ஒன்றும் புரியாமல், "சார்ஜ் போட்டிருக்கேங்க" என்றார். நாம் சிரித்த சிரிப்பில் உன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அதில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு அழுகை என்று நான் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை தேக்கா சந்தையில் நான் முன்னால் நடந்தேன். மீன் கடைப் பக்கம் ஒரே நெரிசல். "புலவரே, சும்மா வர்றியே, கட்டியம் கூறு" என்றாய். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கத்தினேன், "ராவுத்தர் வராரு, வழி விடுங்க!" பூக்கடை அம்மா முக்காலியை இழுத்துக்கொண்டு, "எந்த நாட்டு ராசா?" என்று கேட்டார். ஒருவர்கூட ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. உடம்பு ஒத்துழைத்த வரை எந்தச் சனிக்கிழமையையும் நீ விடவில்லை.

சுவா சூ காங்கில் உன்னை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியதிலிருந்து நான் தேக்காவுக்குத் தனியாகத்தான் போகிறேன். பின்னால் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் இன்றும் வாய் தானாகத் திறக்கிறது.

கோட்டை வாசலில் அவன் இன்னும் நிற்கிறான். சேறு அப்பிய கால், குதிரை இல்லை. இப்போதுதான் எழுதி முடித்தேன்: 'ராவுத்தர் வந்திருக்கிறார், வழி விடுங்கள்!' பின்பாதியைக் காவல்காரன் சொல்லவே இல்லை, நானாகச் சேர்த்தது. மேலே இருப்பவர்கள் வெட்டினாலும் வெட்டுவார்கள். ஒருவேளை தப்பித் திரைக்கு வந்து, உன் மச்சான் போன் போட்டு அது எந்த ஊர் ராவுத்தர் என்று கேட்டால், பொங்கோல் என்று சொல்லிவிடுகிறேன்.