மச்சானின் ஆடுகள்

டிசம்பர் 9, சிராட்சுலு
மழை பிடித்துக்கொண்டது. மக்காச்சோளத்துக்கு நடுவே துவரையும், ஓரமாகப் பூசணியும் ஊன்றினேன். என் மனைவி எனெலெசியின் அண்ணன் பிதோன் வரப்பில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினான்: "வீட்டோட மாப்ளை எங்கம்மா மண்ணுல காடு வளக்குறாருடோய்!"
எனெலெசி குனிந்த தலை நிமிராமல் விதையை மூடிக்கொண்டிருந்தாள். அண்ணனை ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

பிப்ரவரி 20
சோளம் ஆளுயரம். அதன் நிழலில் துவரை முழங்காலைத் தொடவில்லை. "நோஞ்சான்" என்றான் மச்சான். செடியையா, என்னையா?

ஏப்ரல் 30
சோளம் ஒடித்தாயிற்று. வெயில் பட்டதும் துவரை விறுவிறுவென்று ஏறுகிறது. இலை உதிர்ந்து மக்கினால் இந்தச் செத்த மண் பிழைக்கும். ஆனால் அறுவடை முடிந்ததும் ஊரில் ஆடுகளை அவிழ்த்துவிடுவார்கள். பயமாக இருக்கிறது.

மே 27
துவரையைப் பூவோடு தின்றுவிட்டன. கிழக்குப் பக்கம் முழுக்க மொட்டைக் குச்சி. மச்சானின் ஆடுகள்தான். போய்க் கேட்டேன்.
"ஆட்டுக்கு என்னய்யா தெரியும்? பொறுக்கலைன்னா உங்கம்மா ஊருக்கு நடையைக் கட்டு."
பாவி! பாவி!
எனெலெசி களி கிண்டிக்கொண்டிருந்தாள். "உங்கண்ணன் பேசினதைக் கேட்டியா?"
"கேட்டேன்."
அவ்வளவுதான். நான் சாப்பிடவில்லை. யாருக்காக இங்கே கிடக்கிறேன்?

மே 28
விடிந்து பார்த்தால் அவளைக் காணோம். அவன் ஆடுகளையெல்லாம் ஓட்டிப்போய் ஊர்த்தலைவி வாசலில் கட்டியிருக்கிறாள். ஓடினேன். மச்சான் எனக்கு முன்பே வந்து குதித்துக்கொண்டிருந்தான்.
"வந்தவன் காட்டுல மேஞ்சா உனக்கென்னடி?"
"அவரு காடா? அம்மா எனக்குக் குடுத்த காடு அண்ணே. அவரை அனுப்பணும்னா நான் அனுப்புவேன். உன் ஆடு அனுப்பக் கூடாது."
முதலில் சிரித்தது ஊர்த்தலைவிதான். துவரை வீடு சேரும்வரை எல்லாரும் ஆட்டைக் கட்டிப்போட வேண்டும் என்று தீர்ப்பு.
எனக்குச் சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. அனுப்புவாளாமே!

ஜூன் 15
மச்சான் எதிரே வந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். காறித் துப்பினான்.

ஜூலை 18
மேற்குப் பக்கம் காய்த்திருக்கிறது. எனெலெசி பச்சைக் காயைத் தோலோடு அவித்தாள். வாசலில் நிழல் ஆடியது. மச்சான்.
"உக்காரு அண்ணே."
"நிக்கிறேன்."
நின்றபடியே உரித்து உரித்துத் தின்றான். "உப்பு பத்தலை" என்றான்.
உப்பு என் பக்கத்தில் இருந்தது. எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவனிடம் நீட்ட இன்னும் மனம் வரவில்லை.