அம்மா வகுப்புக்குக் கொண்டுபோன பல்செட்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும். முதலில் நல்ல சேதி, உன் அம்மாவின் வேலை நிரந்தரமாகிவிட்டது. அப்பாடா, இதை எழுதும்போதே எனக்கு மூச்சு சீராக வருகிறது.

போன மாதம் தலைமையாசிரியை கூப்பிட்டு, இத்தனை வருஷம் வகுப்பில் உதவிக்கு இருந்துவிட்டீர்கள், என் முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்டுங்கள், சரியாக இருந்தால் ஆசிரியை, இல்லையென்றால் இந்த வருஷத்தோடு சரி என்று சொல்லிவிட்டார். அதிலும் இரண்டாம் வகுப்புக்கு ஆங்கிலத்தில் ஒருமை பன்மை. ஆங்கிலம் என்றாலே உன் அம்மாவுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளுமே. ஒத்திகைக்கு மாணவன் நான்தான். ஹாலில் என்னை ஒற்றைக் காலில் நிற்கவைத்து ஃபுட் என்பாள், மற்றதையும் ஊன்றினால் ஃபீட் என்பாள், நடுவில் சந்தேகம் வந்து அவள் புத்தகத்தைப் புரட்டுகிற வரைக்கும் நான் கொக்கு மாதிரி நிற்கவேண்டும். சிரிக்காதே, முட்டி வலி எனக்குத்தான் தெரியும். வேலை போய்விட்டால் அந்தப் பிள்ளைகளைப் பார்க்காமல் எப்படி இருப்பேன் என்று ஒரு நாள் அழுதேவிட்டாள். எனக்கும் பயம்தான், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

பாடம் நடத்துகிற அன்று காலையில் டம்ளரில் இருந்த என் பல்செட்டைக் காணோம். கட்டிலுக்கு அடியில்கூடத் தேடினேன். பஸ் நிலையத்தில் மைக்கில் அறிவிக்கிறவன் பல் இல்லாமல் என்ன செய்வது, நான் சொன்னதெல்லாம் வெறும் காற்றாக வந்தது, கண்டக்டர் ஒருவர் ஓடிவந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். உன் அம்மாதான் பல்செட்டைக் கைக்குட்டையில் சுற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறாள்! முன்னால் ஒற்றைப் பல் மட்டும் முளைத்திருந்த ஒரு பொடியனைக் காட்டி டூத் என்றாளாம், பல்செட்டை எடுத்து டீத் என்றாளாம், அதோடு பயத்தில் பாடமே மறந்துபோய்விட்டதாம். ஒரு வாண்டு எழுந்து, டீச்சர், இது யாரோடது, நாங்களே வச்சுக்கலாமா என்று கேட்டதாம். ஐயையோ வேணாம், எங்க வீட்டுக்காரர் பட்டினி கிடப்பார், சாயங்காலம் திருப்பிக் கொடுக்கணும் என்று இவள் சொல்ல, வகுப்பே உருண்டு சிரித்ததாம், தலைமையாசிரியையும் சிரித்தாராம். அதில் பயம் தெளிந்து, மீதிப் பாடத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து கத்திக் கத்தி நடத்தி முடித்துவிட்டாள்.

சாயங்காலம் நன்றாகத் திட்டவேண்டும் என்று வாசலிலேயே நின்றேன். ஒரு கையில் வேலை உத்தரவையும் மறு கையில் பல்செட்டையும் நீட்டிக்கொண்டு வந்தாள். நான் உத்தரவைத்தான் முதலில் வாங்கினேன்.

குழந்தைக்கு இருமல் விட்டதா, வெந்நீரே கொடு. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே. அம்மா என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், பள்ளிக்கூடத்தில் உதவிக்கு இருக்கிறாள் என்று இழுப்பாயே, இனி அப்படிச் சொல்லாதே. டீச்சர் என்று சொல்.

இப்படிக்கு,
டீச்சர் வீட்டுக்காரர்,
உன் அப்பா