நீ கேட்டது மிக்சர்

இன்று பரணைக் காலிசெய்ய ஆள் வந்திருந்தார். அவர் இறக்கிக் கொடுத்த அலுமினியப் பெட்டியின் மூடியைத் திறந்ததும் பற்றவைத்த ஈயத்தின் கருகல் வாசனை வந்தது. ஒரு வாசனை நாற்பது ஆண்டு தாங்குமா என்று இயற்பியல் நடத்தியவளாகச் சந்தேகப்படுகிறேன். ஆனாலும் வந்தது. உனக்காக நான் செய்யச் சொன்ன ப்ரீஆம்ப் அது. நீ கேட்டது அதுவல்ல என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். உன் தொண்டையில் இருப்பது புற்றுநோய், குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது பன்னிரண்டு நாள் அவகாசம் இருந்தது. நம் கல்லூரியில் நீ கணிதம் நடத்தினாய். ஊருக்கு உன்னைப் பாட்டால்தான் தெரியும். வளைகாப்பு, நிச்சயதார்த்தம், கொலு என்று அழைத்த வீட்டிலெல்லாம் பாடினாய். வயலினும் மிருதங்கமும் இருபுறம் அமர்ந்த ஒரு முழுக் கச்சேரி மட்டும் உனக்கு வாய்க்கவில்லை. அதை உன் வீட்டுக் கூடத்திலேயே பாடி, கேசட்டில் பதிந்துவிட வேண்டும் என்றாய். அழவில்லை. அதற்காக அன்று உன்னை மதித்தேன்.

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ரேடியோ பழுதுபார்ப்பவரிடம் போனோம். மூன்று மைக்குகளின் ஒலியைக் கலந்து தரும் மிக்சர் வேண்டும் என்றாய். ஒற்றை மைக்கின் மெல்லிய ஒலியை இரைச்சலில்லாமல் பெருக்கித் தரும் ப்ரீஆம்ப் போதும் என்றேன் நான்.

"ரெண்டும் பண்ண நாள் இல்ல டீச்சர்," என்றார் அவர். "ஒண்ணுதான் முடியும். தனிக்குரல்னா ப்ரீஆம்ப். பக்கவாத்தியம் இருந்தா மிக்சர். ஆனா கொஞ்சம் இரையும்."

"இரைஞ்சா இரையட்டும்ணே," என்றாய் நீ.

மிக்சருக்குச் சொல்லிவிட்டு வந்தோம். மறுநாள் நான் மட்டும் போய் மாற்றிச் சொன்னேன். அந்த இரைச்சலில் உன் நலிந்த குரல் மூழ்கிவிடும் என்பது என் கணிப்பு. கணிப்பு சரியானதுதான். இன்றைக்கும் அதில் பிழை காண முடியவில்லை.

ஞாயிறு காலை. உன் திருநகர் வீட்டு ஜன்னல்களில் கம்பளியைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தியிருந்தோம். வயலின்காரரும் மிருதங்கக்காரரும் வந்து அமர்ந்தபின், அந்தப் பெட்டியில் மைக் செருக ஒரே துளை இருப்பதைப் பார்த்தாய். ஒற்றை மைக்கின்முன் அவர்களும் வாசித்தால் உன் குரல் அமுங்கிவிடும் என்று, வகுப்பில் விளக்குவதைப்போல விளக்கினேன். இருவரும் காப்பியைக் குடித்துவிட்டு, உறை பிரிக்காத வாத்தியங்களோடு எழுந்தார்கள். நீ வாசல்வரை போய் வழியனுப்பினாய். திரும்பி வந்து, "ஆன் பண்ணுடி" என்றாய்.

சுருதிப்பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு பாடினாய். நான்காவது பாட்டில், மேல் ஸட்ஜத்தில் நின்றபோது குரல் பிளந்தது. பாடுகிறவர் தளர்கிற இடத்தில் வயலின் அதே ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தும். தளர்ந்தது கேட்பவருக்குத் தெரியாது. கச்சேரிக்குப் போகிற எவருக்கும் தெரிந்த வழக்கம் அது. எனக்குத் தோன்றவேயில்லை.

"இங்கதான்டி அவரு தாங்கியிருப்பாரு," என்று சொல்லிவிட்டு எழுந்தாய். அறுவைக்கு முன் மிச்சமிருந்த நான்கு நாளும் தேவைக்கு மேல் என்னோடு பேசவில்லை.

அதன்பின் ஏழு மாதம் இருந்தாய். ஒருநாள் அந்தக் கேசட்டைப் போடச் சொல்லிச் சைகை காட்டினாய். நீ எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. அவ்வளவு நல்ல பதிவு. கேட்டு முடித்து நோட்டில் எழுதினாய்: 'இது என் பாட்டு இல்லை. என் நோய். அழி.'

மைக்கைக் கழற்றிவிட்டு, அந்தப் பாட்டின்மேல் ஒன்றுமில்லாததைப் பதிவுசெய்தேன். நாடா ஒரு பக்கம் ஓட முக்கால் மணி நேரம். நீ அது சுற்றுவதையே பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தாய். மன்னிப்புக் கேட்க அது போதுமான நேரம். நான் கருவியில் ஒலியளவு காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன் இருபது ஆண்டு உன்னைக் கேட்டவள் நான். ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டே நீ முனகியதும், கே.கே. நகரில் ஒரு வளைகாப்பில் மின்சாரம் போன பின்னும் நிறுத்தாமல் பாடியதும் நினைவிருக்கின்றன. அவற்றில் உன் உதடு அசைகிறது, குரல் வருவதில்லை. குரலாக என் காதில் மிஞ்சியது ஒன்றுதான்: அந்த மேல் ஸட்ஜம், அது பிளந்த இடம், அடுத்து நீ இழுத்த மூச்சு. தாங்குவதற்கு யாருமில்லாமல், துளி இரைச்சலும் இல்லாமல்.