எதிர்வீட்டுக்குப் போகும் ரப்பர் டியூப்

அன்புள்ள பெரியவனுக்கு,

நீ அங்கே சௌகரியமாக இருப்பாய், குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் ஊரில் இருப்பவனுக்கு என்ன குறை. இங்கே அப்பாவுக்கு இருமல் தேவலை, உன் தங்கையும் நலம், நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள், காரமான இடம் வந்தால் பேனாவை நிறுத்தி என் முகத்தைப் பார்க்கிறாள், ஒரு சொல் குறையக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

அவள் தையல் பழகப் போகிறாளே, அந்த எதிர்வீட்டுத் தையல்காரிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. சந்தோஷப்படத்தான் விடவில்லை. அவள் குடியிருக்கும் வீடு கைமாறிவிட்டது, புதுச் சொந்தக்காரர் இன்னும் இணைப்பைத் தன் பெயருக்கு மாற்றவில்லை என்று நீ வேலை பார்க்கிற தண்ணீர்க் கம்பெனியின் ஆள் வந்து அவள் தண்ணீர் இணைப்பை மூடி முத்திரை வைத்துவிட்டுப் போனார். முன்பெல்லாம் ஒரு வீட்டில் தண்ணீர் நின்றால் தெருமுனைப் பொதுக்குழாய் இருந்தது, அது யார் பெயரிலும் இல்லை, அதனால் எல்லாருக்கும் இருந்தது. நகராட்சி தண்ணீரை உங்கள் கம்பெனியிடம் ஒப்படைத்த கையோடு அதன் வாயில் சிமெண்டை அடைத்துவிட்டார்கள். பிள்ளை பெற்ற உடம்புக்காரி துணி அலச எங்கே போவாள்? நம் சமையலறைக் குழாயில் ரப்பர் டியூபைச் செருகி, ஜன்னல் வழியாகத் தெருவைத் தாண்டி அவள் தொட்டிக்கு விட்டேன். சைக்கிளில் வருகிறவர்கள்கூட டியூப் மேல் ஏற்றாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள், கம்பெனி ஆளுக்கு மட்டும் கண்ணை உறுத்திவிட்டது. உங்கள் இணைப்பில் வருவது உங்களுக்கு மட்டும்தான், அடுத்தவருக்குக் கொடுத்தால் உங்களுடையதையும் மூடுவேன், அடுத்த சுற்று வருவதற்குள் எடுத்துவிடுங்கள் என்றார். மழை என்ன இவர் தாத்தா வீட்டுச் சொத்தா?

வயிறு எரிந்து போய்த்தான் புகார் எண்ணுக்குப் போன் போட்டேன். தலைமை அலுவலகத்தில் போன் எடுக்கிற வேலை என்று நீ சொன்னது அப்போது எனக்கு நினைவிலேயே இல்லை. "வணக்கம் மேடம், சொல்லுங்க" என்றாய். பெற்றவளுக்கு உன் குரல் தெரியாதா? தெருப் பெயரைச் சொன்னேன், வீட்டு எண்ணைச் சொன்னேன், டியூப் விஷயத்தையும் சொன்னேன், பேசுவது யார் என்று உனக்குப் புரியாமலா இருக்கும்? அதற்கப்புறமும் சொன்னாய், "விதிப்படி அடுத்தவங்களுக்குத் தரக் கூடாதுங்க மேடம்." பேச்சைப் பதிவு செய்வார்கள், அவன் வேலை போய்விடும் என்று அப்பா உனக்கு வக்காலத்து வாங்குகிறார். இருக்கட்டும், அம்மா என்று கூப்பிட வேண்டாம். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குத் தண்ணீர் கொடுக்காதே என்று சொல்ல உனக்கு எப்படி வாய் வந்தது? உன்னைப் பெற்று நான் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது இதே தையல்காரியின் அம்மாதான் உன் துணியெல்லாம் பொதுக்குழாயில் அலசிக் காயப்போட்டாள். விதியைக் கேட்டா அலசினாள்?

வேலையை விடு என்று சொல்ல மாட்டேன், வீட்டு நிலைமை எனக்கும் தெரியும். டியூபையும் எடுக்க மாட்டேன். மூடுவதானால் நம் வீட்டையும் மூடட்டும். இனி யாராவது இப்படிப் போன் செய்தால் மேடம் என்பதற்கு முன்னால், அவளும் யாருக்கோ அம்மா என்று நினைத்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு, தலையை ஈரமாக வைத்துக்கொண்டு தூங்காதே. திட்டினாலும் நீ என் பிள்ளைதான், நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அம்மா

அண்ணா, அம்மா சொல்லாமல் விட்டதை நான் சேர்க்கிறேன். அன்று அந்த ஆள் டியூபைப் பிடித்து இழுத்தபோது மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். கடைசி வரை கையை விடவில்லை. அடுத்த முறையும் பிடித்துக்கொள்வேன், இழுக்க வருவது நீயாக இருந்தாலும்.