சாப்பிட்ட பிறகு சொன்ன சாவு

அண்ணை,

இன்று காலை தொழிற்சாலைக் கான்டீனில், கூட வேலை செய்யும் சுவிஸ்காரி ஒருத்தி தன் ஃபோனை என் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். மலைச்சரிவு முழுக்க லார்ச் என்ற ஊசியிலை மரங்கள், பச்சை மருந்துக்கும் இல்லாமல் ஒரே மஞ்சள். "ஞாயிற்றுக்கிழமை போகிறோம், நீயும் வா" என்றாள். வரமாட்டேன் என்று நான் சொன்ன விதத்தில், கோப்பையைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டாள். அதற்கும் நீங்கள்தான் காரணம்.

செத்துப்போனவரைப் பழிக்கக் கூடாது என்பார்கள். நான் பழிக்கத்தான் எழுதுகிறேன்.

கூடப் பிறக்காதவராக இருந்தும், அகதி முகாமில் ஒரே அறையில் படுத்த நாளிலிருந்து என் விஷயம் எல்லாவற்றிலும் மூக்கை நுழைத்தீர்கள். எந்தச் சப்பாத்து, எந்த டாக்டர், எந்தப் பெண், எல்லாம் உங்கள் முடிவு. பெரும்பாலும் நல்லதாகவே முடிந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அதனால்தான் ஐந்தாறு வருடத்துக்கு முன், ஓர் இலையுதிர் காலத்தில், காலை ஏழு மணிக்கு வந்து, "வெளிக்கிடு, மலையில இலையெல்லாம் மஞ்சளாக்கிடக்காம், பாத்திட்டு வருவம்" என்றபோது நான் ஏன் என்று கேட்கவில்லை. இருபது வருடத்தில் இலை பார்க்க ஒருநாளும் போகாத மனிதர் நீங்கள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

காரை நிறுத்தியதும், "ஃபோன் என்னத்துக்கு? காருக்குள்ள வை. ஒருநாளெண்டாலும் நிம்மதியா நட" என்றீர்கள். வைத்தேன்.

ஒன்றரை மணி நேர ஏற்றம். அழகாகத்தான் இருந்தது. காலடியில் ஊசி இலைகள் பாய் விரித்ததுபோல் கிடந்தன. நீங்கள் என் முகத்தைப் பார்க்காமலே நடந்தீர்கள். நான் ஒவ்வொரு மரமாய்க் காட்டிச் சந்தோஷப்பட்டேன். பாட்டுக்கூடப் பாடினேன், அண்ணை. நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

மேலே ஒரு மர வாங்கில் உட்கார்ந்து புட்டுப் பார்சலைப் பிரித்தீர்கள். "வடிவாச் சாப்பிடு" என்று இரண்டாம் முறையும் போட்டீர்கள். நான் கை கழுவி, வாய் துடைத்த பிறகுதான் என் தோளில் கை வைத்தீர்கள்.

"தம்பி, மனசைத் திடப்படுத்து. அம்மா நேற்று இரவு போயிட்டா."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"விடியக்காலமை உன்ரை தம்பி கோல் எடுத்தவன். வெறும் வயித்தோட சாவு கேக்கக்கூடாதடா. நீ சாப்பிடட்டுமெண்டுதான் பொறுத்தனான்."

நம் ஆட்களின் வழக்கம் எனக்கும் தெரியும். சாவுச் செய்தியை உரியவனுக்கு நேரே சொல்லமாட்டோம். பக்கத்தில் உள்ள ஒருவரிடம் சொல்லி, "பக்குவமாச் சொல்லுங்கோ" என்போம். ஆனால் யாழ்ப்பாணத்தில் அப்போது மத்தியானம் இரண்டு மணி தாண்டியிருந்தது. கீழே ஓடிவந்து காரைத் திறந்தால், ஃபோனில் தம்பியின் பதினான்கு அழைப்புகள். நீங்கள் சொல்லிவிட்டீர்கள் என்றே அவன் நம்பியிருந்தான். வீடியோவில் நான் அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கட்டும் என்று, பிரேதத்தை முற்றத்தில் வைத்துக்கொண்டு இருபது நிமிடம் காத்திருந்தார்களாம். ஐயர் அவசரப்படுத்தியதும் தூக்கிவிட்டார்கள். அந்த நேரம் நான் புட்டுத் தின்றுகொண்டிருந்தேன்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு என் வீட்டுக்கு வந்தவர்களிடம், "நான்தான் பக்குவமாக் கூட்டிக்கொண்டுபோய்ச் சொன்னனான்" என்று பெருமையடித்தீர்கள். அன்றைக்குப் பேச்சை நிறுத்தினேன். ஐந்து வருடம். "நல்லதுக்குத்தானே செய்தனான்" என்று ஆளனுப்பினீர்கள். பிழைவிட்டிட்டன் என்ற ஒரு சொல் உங்கள் வாயில் வரவில்லை.

போன மாசி மாதம் மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள். அவசரத்துக்கு என் இலக்கத்தைக் கொடுத்திருந்தீர்களாம். என்ன துணிச்சல்! நேரம் அதிகமில்லை என்றாள் தாதி. உங்கள் மகள் வில் என்ற ஊரில் வேலையில் நின்றாள். "பிள்ளை பின்னேரம் வீட்டை வரட்டும், ஏதும் வயித்தில போட்டாப் பிறகு சொல்லுவம்" என்றாள் என் மனைவி. நான் அவளை முறைத்துவிட்டு உடனே அழைத்தேன். "பிள்ளை, அப்பாக்குக் கடைசி நேரம். இப்பவே வெளிக்கிடு." அவள் வீரிட்டுக் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. உங்கள் மேலுள்ள கோபமும் அப்படியே இருக்கிறது.

அவள் வந்து பிடித்தபோது உங்கள் கை சூடாக இருந்தது. நீங்கள் கண் திறந்து அவளைப் பார்த்தீர்கள். அதை உங்கள் மகளுக்கு நான் கொடுத்தேன், அண்ணை. எனக்கு நீங்கள் தரவில்லை.