போக மட்டும் ஒரு டிக்கெட்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் சுகம். நீயும் உன் வீட்டாரும் சுகமாகத்தான் இருப்பீர்கள். கஷ்டம் என்றால் உடனே போன் பண்ணியிருப்பாயே.

நீ சொன்ன காரியம் போன சனிக்கிழமை முடிந்தது. அப்பாவை முதியோர் விடுதியில் சேர்த்துவிட்டோம். போனில் சொன்னால் நல்லதுக்கா, ரெஸ்ட் எடு என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். கடைசி வரை படி.

உன் யோசனைப்படியே அருவி பார்க்கப் போகிறோம் என்றுதான் அவரிடம் சொன்னேன். காலையில் கிளம்பி மாலையில் திரும்புகிற மலை ரயில், பெட்டி முழுக்கக் கண்ணாடி. ஒரு வாரமாக அக்கம்பக்கத்தில் ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டு திரிந்தார். வேலைக்குப் போன காலத்துக் கறுப்புக் கோட்டை எடுத்து அவரே தேய்த்தார். ஒரு நாள் பயணத்துக்கு எதற்கு இவ்வளவு பெரிய பெட்டி என்று கேட்டார். மழையில் நனைந்தால் மாற்றிக்கொள்ள என்று கூசாமல் சொன்னேன்.

என்னைக் குற்றம் சொல்ல உனக்கு வாய் கிடையாது. இந்த வருடத்தில் மட்டும் மூன்று முறை காணாமல் போனார். மூன்று முறையும் ஸ்டேஷனில்தான் அகப்பட்டார். பிளாட்பாரத்தில் நின்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் டிக்கெட் கேட்டிருக்கிறார். கடைசி முறை எவனோ பிடித்துத் தள்ளியதில் முழங்கை கிழிந்துவிட்டது. நாள் முழுக்க லேபில் நின்று ஊரார் கையில் ரத்தம் எடுத்துவிட்டு வந்து, நான் அவர் கைக்கு மருந்து போட்டேன். நீ போனில் அனுதாபப்பட்டாய்.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். எங்கள் மூவருக்கும் போக வர டிக்கெட் எடுத்தேன். அவர்தான் திரும்பப் போவதில்லையே என்று அவருக்குப் போக மட்டும் எடுத்தேன். முப்பத்தாறு வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்த மனிதருக்கு இப்படி எடுக்கிறோமே என்று உறைக்கவே இல்லை.

மூன்றாவது சுரங்கப்பாதை தாண்டியதும் பரிசோதகர் வந்து பார்த்துவிட்டுப் போனார். உன் அத்தான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அப்பா என்னிடம் கையை நீட்டினார். பழக்க தோஷத்தில் கேட்கிறார் என்று நானும் நாலு டிக்கெட்டையும் கொடுத்துவிட்டேன். காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது நினைவில்லாதவர், ஒவ்வொன்றாகக் கண்ணுக்கருகில் வைத்துப் படித்தார். ஒன்றை மட்டும் தனியே எடுத்து, இது யாருடையது என்று கேட்டார். என் மகளுடையது, அவள் சிநேகிதி வீட்டில் தங்கிவிட்டு வருவாள் என்றேன். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவர் நாலையும் அடுக்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அருவிக்கு முன்னால் எடுத்த போட்டோவுக்கு நீ இதயம் போட்டிருந்தாய். அப்பா சிரிக்கிறார், அழகாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அந்தச் சிரிப்புக்கு முன்பே அவருக்கு விஷயம் தெரியும்.

போட்டோ எடுத்து முடித்ததும் பெட்டியை நான் தூக்கப் போனேன். விடவில்லை. அவரே எடுத்துக்கொண்டு சொன்னார்: "அந்த டிக்கெட்ல வயசு எழுபத்தெட்டுன்னு போட்டிருந்துச்சும்மா."

அப்பா, வாங்க, வீட்டுக்கே போயிடலாம் என்றேன். மனசாரத்தான் சொன்னேனா என்று கேட்காதே.

"டிக்கெட் இல்லாம வண்டியில ஏறக் கூடாது" என்றார்.

பக்கத்திலேயே ஸ்டேஷன். டிக்கெட் கவுண்டர் திறந்துதான் இருந்தது. வரிசையில் ஒருவர்கூட இல்லை. பர்ஸ் என் கையில் இருந்தது. சரிப்பா என்று சொல்லிவிட்டு அவரோடு விடுதிக்கு நடந்தேன்.

உனக்குப் பன்னிரண்டு வயதில், டிக்கெட் எடுக்காமல் அவர் வண்டியிலேயே ஏறினாய். மகன் என்றும் பார்க்காமல் நடுவழியில் இறக்கிவிட்டார். செருப்பு அறுந்து, கால் வீங்கி, நடந்தே வீட்டுக்கு வந்தாய். அவர் அதை மறந்துவிட்டார். நீ மறக்கவில்லை. ஊரில் இத்தனை விடுதிகள் இருக்க, ரயில் போய் முடிகிற இடத்தில் ஒன்றைத் தேடிப் பிடித்து விலாசம் அனுப்பினாயே, அப்போதே எனக்குப் புரிந்தது. புரிந்தும் போனேன். இதில் நீ பாதி, நான் பாதி.

விடுதியிலிருந்து நேற்று போன் வந்தது. தினமும் மாலை கோட்டைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறாராம். வண்டி கிளம்பும்வரை நின்று பார்த்துவிட்டு, தானாகவே திரும்பி வந்துவிடுகிறாராம். தொந்தரவே இல்லாத மனிதர் என்று பாராட்டினார்கள்.

என் மகள் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. நான் செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறாள்.

நீயும் உன் பிள்ளைகளும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். வயதான காலத்தில் அவர்கள் உன்னை எங்கே கூட்டிப்போனாலும், போக வர டிக்கெட் எடுத்துக் கூட்டிப்போகட்டும். எனக்கும் சேர்த்து வேண்டிக்கொள்.

இப்படிக்கு,
உன் அக்கா