காமினி விளையாட வராத வாரம்

கெலுகோர்.

அன்பு மகன் குமரப்பனுக்கு,

நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் அப்படியே இருக்க முருகன் துணை. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். பாயான் பாருவில் உன் ரமணி சித்தி வீடு வீடாக இல்லையப்பா. சித்தி மகள் காமினி பேக்டரி வேலையை விட்டுவிட்டு அறைக்குள்ளேயே கேம் விளையாடிக்கொண்டு கிடக்கிறாள் என்று சொல்லியிருந்தேனே, சித்திக்கு அது பெரிய பயமாகிவிட்டது, கோயிலில் பார்க்கிறவர்களும் கேம் மூளையைக் கெடுக்கும், பெற்றவர்களையே அடிக்க வைக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் காட்டி அவளைக் கலக்கிவிட்டார்கள். நீ இதைத்தானே ஆராய்ச்சி செய்கிறாய், நீ சொன்னதை எனக்குத் தெரிந்த மட்டும் சொல்லிப் பார்த்தேன், கேம்தான் கெடுக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லையாம், ஏற்கெனவே மனசு நொந்துபோய் அதற்குள் ஒதுங்குகிறவர்களும் உண்டாம், முதலில் பிள்ளையிடம் என்ன நடந்தது என்று கேள் என்றேன். உங்க மகன் ஆராய்ச்சியப் பாக்குறான், நான் என் மகளப் பாக்குறேன்லா அக்கா என்று சொல்லிவிட்டு அன்றைக்கே இண்டர்நெட் லைனை வெட்டிவிட்டாள். காமினி சண்டை போடவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான், சோறும் சரியாக இறங்கவில்லை.

ஒரு வாரம் கழித்து ஜுருவிலிருந்து நூர் ஃபாத்திஹா என்று ஒரு பெண் காரில் வந்து நின்றாள், கேமில் காமினியோடு சேர்ந்து விளையாடுகிறவளாம், ஆளைக் காணவில்லையே என்று பயந்து தேடி வந்திருக்கிறாள். அவள் சொல்லித்தான் தெரிந்தது, பேக்டரியில் சூப்பர்வைசர் காமினியிடம் தப்பாக நடந்திருக்கிறான், புகார் கொடுத்தும் யாரும் நம்பவில்லை, அதனால்தான் வேலையை விட்டிருக்கிறாள். விளையாடும்போது அந்தப் பெண்ணிடம் மட்டும் சொல்லி அழுவாளாம். என்கிட்ட ஏன்டி சொல்லல என்று சித்தி கேட்டாளாம், நீங்க கேமப் பத்தி மட்டும்தான்மா கேட்டீங்க என்று சொல்லிவிட்டு, காமினி துணியை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணோடு ஜுருவுக்கே போய்விட்டாள். சித்தி போன் போட்டால் எடுப்பதில்லை, நல்லா இருக்கா ஆன்ட்டி என்று ஃபாத்திஹாதான் பதில் சொல்கிறாள். வெட்டிய லைனை மறுபடி போட்டு வைத்திருக்கிறாள் சித்தி, போட்டு என்ன செய்ய.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடாமல் வெளியே போகாதே. நீ நல்லா இருப்பாய், எங்கள் ஆயுசும் சேர்த்து உனக்கு. ஞாயிற்றுக்கிழமை சித்தியைக் கூப்பிட்டுப் பேசு, அழுதால் அழவிடு. ஆராய்ச்சியில் வந்ததை மட்டும் அவளிடம் சொல்லாதே.

உன் அம்மா,
அழகு